மூடுல் தமிழாக்கம்: ஊடாடுகருவியா, சார்கருவியா?

குழுவினருக்கு வணக்கம்.

இணையவழிப் பாடம் நடத்தும் மென்பொருளான மூடுலின் சரங்களை (திரையில் தோன்றும் சொற்றொடர்களை) வெள்ளிக்கிழமைக்குள் முடித்தாக வேண்டும். பாடத்தோடு கூடுதலாகச் சேர்பவை மூன்று வகை: நிர்வாகி வழங்கியில் (சர்வரில்) நிறுவும் நிரல், காணொளிக்கு நடுவே கேள்வி, இழுத்துப் பொருத்துதல் என்று ஆசிரியர் சேர்க்கும் எச்5பி வகைகள், எல்.டி.ஐ. என்னும் இணைப்புத் தரநிலை வழியே வேறொரு வழங்கியிலிருந்து திறக்கும் கருவி. வரைவில் மூன்றுக்கும் 'செருகுநிரல்' என்றே இருக்கிறது. 'செருகுநிரலைச் சேர்' என்று படிக்கும் ஆசிரியர் நிர்வாகப் பக்கத்தைத் தேடிப் போவார்; அங்கே நுழைய அவருக்கு அனுமதியே கிடையாது. நடுவில் உள்ள எச்5பி வகைக்கு 'ஊடாடுகருவி' என்கிறேன். கருத்துச் சொல்லுங்கள்.

—

> 'ஊடாடுகருவி' என்கிறேன்

ஐயா, 'ஊடு' என்றதும் ஊடல்தான் நினைவுக்கு வருகிறது. இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியர் சொன்ன இலக்கணத்தைப் பாருங்கள்: பெயரொடும் வினையொடும் நடைபெற்று இயலும், தமக்கு இயல்பு இல. இந்தக் கருவிகளும் அப்படித்தானே, மூடுல் இல்லாமல் நடவாது. எனவே மூன்றுக்கும் 'சார்கருவி' பொருந்தும். சார்பெழுத்து, சார்புநூல் என்று பழகிய வேர்தான்.

—

ஊடல் வேறு. இந்த 'ஊடு' ஊடுபயிரிலும் ஊடுருவலிலும் இருப்பது. 'இடையே' என்று பொருள்.

'மூடுல் இல்லாமல் நடவாது' என்பதையும் ஏற்க முடியவில்லை. எச்5பி உள்ளடக்கம் ஒரே கோப்பு. அதையே வேர்ட்பிரஸிலும் ட்ரூபலிலும் ஏற்றி ஓட்டலாம். எல்.டி.ஐ. கருவியோ தன் சொந்த வழங்கியில் நிற்கிறது. மூடுல் கையொப்பமிட்ட செய்தியோடு மாணவரை அங்கே அனுப்புகிறது, மதிப்பெண்ணைத் திரும்ப வாங்குகிறது. உலாவி மூன்றாம் தரப்புக் குக்கிகளை (வேறொரு தளம் உலாவியில் வைக்கும் சிறு தரவுகளை) தடுத்தால், பக்கத்துக்குள் பதித்த கருவி உள்நுழைவிலேயே நின்றுவிடும். புதிய சாளரத்தில் திறக்கும்படி அமைப்பை மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். அதற்கான உதவிக் குறிப்பில் 'சார்கருவி' என்று எழுதினால் ஆசிரியர் மூடுலில் பிழை தேடுவார். 'வெளிக்கருவி' என்றால் எங்கே தேடுவது என்பதை அந்தச் சொல்லே காட்டிவிடும்.

—

வகுப்பில் எல்லாருக்கும் 'பிளகின்' புரிகிறது. அதையே வைத்தால் என்ன? தூய்மைக்காக ஆசிரியரைத் திணறடிக்க வேண்டாம்.

—

செருகுநிரல் வேர்ட்பிரஸ் தமிழாக்கத்தில் எப்போதோ வேரூன்றிவிட்டது. அதைப் பிடுங்க வேண்டியதில்லை.

சந்தியை யாரும் தொடவில்லையே! '…ஐ நிறுவு' என்ற சரத்தில் புள்ளியிட்ட இடத்தில் பெயர் தானாக வந்து விழும். 'வருகைப்பதிவு' விழுந்தால் 'வருகைப்பதிவுஐ நிறுவு' என்று நிற்கும். புணர்ச்சியை நிரல் பார்க்காது. '… என்னும் செருகுநிரலை நிறுவு' என்று எழுதினால் உருபு நம் சொல்லில் ஏறிவிடும். ஆகவே இந்த வகைப்பெயர் அப்படிப்பட்ட எல்லாச் சரத்திலும் வரும். நீண்டால் கைபேசிப் பொத்தானில் வெட்டுப்படும்.

இன்னொரு சிக்கல். 3.9 பதிப்பிலிருந்து எச்5பி செயல்பாடு மூடுலுக்குள்ளேயே வருகிறது. பழைய தனிச் செருகுநிரலை நீக்காத தளங்களில் செயல்பாட்டுப் பட்டியலில் இரண்டும் நிற்கும். பழையதன் பெயரைத் தமிழாக்கினால் 'ஊடாடும் உள்ளடக்கம்'. பக்கத்திலேயே 'ஊடாடுகருவி' என்ற பொதுப்பெயரும் வந்தால் எதை அழுத்துவது? 'பயில்கருவி' எனலாமே. வினைத்தொகை, ஒற்றும் மிகாது.

—

பிடிஎஃப் கோப்பும் பயிலத்தான் உதவுகிறது. மாணவர் செயலுக்குக் கருவி பதில் தருகிறது என்பதுதான் இங்கே முக்கியம். 'பயில்' அதைச் சொல்லவில்லை.

—

நாளை கெடு. பெரும்பான்மைப்படி செருகுநிரல், ஊடாடுகருவி, வெளிக்கருவி என்று பதிவேற்றுகிறேன். பழைய செருகுநிரலின் பெயருக்கு முன்னால் 'எச்5பி' சேர்த்து வேறுபடுத்திவிடலாம். 'பயில்கருவி' அடுத்த சுற்றுக்கு.

—

பதிவேற்றுங்கள் ஐயா, தடுக்கவில்லை. ஆனால் சொற்பட்டியலில் 'சார்கருவி' மாற்றுச்சொல்லாக இருக்கட்டும். வெளிக்கருவி எங்கே ஓடினாலும் மாணவர் மதிப்பெண்ணைப் பார்ப்பது மூடுலின் மதிப்பெண் ஏட்டில்தான். அது சார்பு இல்லையென்றால் வேறு எது?