பிசிஷியன் அசிஸ்டென்ட் முடிக்கும் தங்கச்சிக்கு மேற்படிப்பு: லண்டனா, அமெரிக்காவா, இங்கேயேவா?

கேள்வி: கீழக்கரைவாசி

தங்கச்சி எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.எஸ்சி. பிசிஷியன் அசிஸ்டென்ட் (டாக்டரின் மேற்பார்வையில் நோயாளிகளைக் கவனிக்கும் பணி) படித்துவிட்டு இன்டர்ன்ஷிப்பில் இருக்கிறாள். அடுத்து முதுநிலை படிக்க ஆசைப்படுகிறாள். "லண்டனில் இரண்டு வருஷம் படித்தால் வேலை நிச்சயம்" என்கிறார் ஏஜென்ட். சொந்தக்காரர்கள் அமெரிக்கா என்கிறார்கள். எங்கே போனாலும் கடன்தான். பணம் கட்டுவதற்கு முன்னால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? ஊரில் இருக்கும்போதே என்ன தயார் செய்யலாம்?

பதில் 1: தொண்டி_வாசகர்

ஏஜென்ட் சொல்வதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். இங்கிலாந்தில் இரண்டு வருஷ முதுநிலைப் படிப்பு இருப்பது உண்மை. ஆனால் 2024 டிசம்பர் 13 முதல் இந்தப் பணியைப் பொது மருத்துவக் கவுன்சில் (ஜி.எம்.சி.) பதிவு செய்து ஒழுங்குபடுத்துகிறது. அவர்கள் அங்கீகரித்த படிப்பை முடித்து, எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் தேறினால்தான் பதிவு. நம்மூர் பி.எஸ்சி.யை மட்டும் வைத்து நேராகப் பதிவு வாங்க வழி இல்லை.

வேலைதான் பெரிய சிக்கல். 2024 செப்டம்பரில், குடும்ப மருத்துவர்களின் ராயல் கல்லூரி என்ற அமைப்பு, தங்கள் கிளினிக்குகளில் பிசிஷியன் அசோசியேட் (பிசிஷியன் அசிஸ்டென்டுக்கு அங்கே உள்ள பெயர்) பணியே வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. இந்தப் பணியை ஆராய அரசு கேட்டு 2025 ஜூலையில் வந்த லெங் அறிக்கை இன்னும் இறுக்கியது. நோய் இன்னதென்று இன்னும் கண்டறியப்படாத நோயாளியை இவர்கள் முதலில் பார்ப்பது கூடாது, புதிதாக வருபவர்கள் முதல் இரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில்தான் வேலை பார்க்க வேண்டும், பதவிப் பெயரும் 'அசிஸ்டென்ட்' என்று மாற வேண்டும் என்றெல்லாம் சொன்னது. அரசும் ஏற்றுக்கொண்டது. மருந்துச்சீட்டு எழுதவோ எக்ஸ்ரே, சி.டி. கேட்டு எழுதவோ அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. இந்த நிலையில் புதிதாகப் படித்து வருபவருக்கு, அதுவும் விசா ஸ்பான்சர் தேவைப்படுபவருக்கு, வேலை நிச்சயம் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

பதில் 2: மண்டபம்_கரை

அமெரிக்காவில் இந்தப் பணி வேரூன்றிவிட்டது. 1965இல் டியூக் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஆனால் வெளிநாட்டில் பிசிஷியன் அசிஸ்டென்ட் படித்தவர் நேராகத் தேர்வு எழுத முடியாது. ஏ.ஆர்.சி.-பி.ஏ. (இந்தப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு) அங்கீகரித்த அமெரிக்கப் படிப்பை முதலிலிருந்து படித்தால்தான் 'பான்சே' என்ற தகுதித் தேர்வில் உட்கார விடுவார்கள். அது 300 கேள்வி, 60 கேள்வி வீதம் ஐந்து பகுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம்.

படிப்பு ஏறத்தாழ 27 மாதம், கட்டணம் பல இடங்களில் லட்சம் டாலரைத் தாண்டும். நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது சேர்க்கையில்தான். உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், வேதியியல் பாடங்களை லேபோடு அமெரிக்கக் கல்லூரியிலேயே படித்திருக்க வேண்டும் என்று பல கல்லூரிகள் கேட்கும். நோயாளியை நேரடியாகக் கவனித்த அனுபவம் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் கேட்பவையும் உண்டு. அதில் பல இடங்களில் சம்பளத்துக்குச் செய்த வேலைதான் செல்லும், இன்டர்ன்ஷிப் செல்லாது. கல்லூரிக்குக் கல்லூரி விதி மாறுவதால், ஒவ்வொன்றின் சேர்க்கைப் பக்கத்தையும் உட்கார்ந்து படித்தே ஆக வேண்டும்.

பதில் 3: பாம்பன்_நர்சிங்

இந்தியாவையும் தள்ளிவிடாதீர்கள். 2021 சட்டப்படி அமைந்த தேசிய இணைநிலை சுகாதாரத் தொழில் ஆணையத்தின் பட்டியலில் பிசிஷியன் அசோசியேட்டும் உண்டு. எந்த எம்.எஸ்சி.யில் சேர்ந்தாலும், அந்தப் பட்டம் இந்தப் பிரிவில் பதிவுக்கு ஏற்கப்படுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சு உதவாது.

எங்கே போனாலும் கேட்பது லாக்புக், அதாவது பார்த்த கேஸ்களைக் குறித்து வைக்கும் பதிவேடு. அதை இன்றே ஒழுங்கு செய்யச் சொல்லுங்கள். தேதி, துறை, வயது, பாலினம், நோயாளி சொன்ன குறை, தான் பார்த்ததா, உதவியதா, மேற்பார்வையில் தானே செய்ததா, இத்தனையும் வேண்டும். நோயாளி பெயர் கூடாது. அந்தந்த வாரமே டாக்டரின் கையெழுத்து, சீல், பதிவு எண் வாங்க வேண்டும். கடைசியில் மொத்தமாக வாங்கலாம் என்றிருந்தால் டாக்டர் மாற்றலாகிப் போய்விடுவார். ஒரே பேனாவில் ஒரே நாளில் போட்ட கையெழுத்துகளைச் சரிபார்ப்பவர் நம்பவும் மாட்டார்.

நம் கடற்கரையில் கிடைக்கும் கேஸ்கள் வேறெங்கும் கிடைக்காது. திருக்கை முள் குத்தி வரும் மீனவரையே எடுத்துக்கொள்ளுங்கள். "காயம், கட்டுப் போட்டோம்" என்று எழுதினால் ஒன்றுமில்லை. குத்தி எவ்வளவு நேரம் ஆனது, முள் உள்ளே ஒடிந்து நிற்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்தார்களா, 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் காலை வைத்தபின் வலி எவ்வளவு குறைந்தது என்றெல்லாம் எழுத வேண்டும். வெந்நீரின் சூட்டை நல்ல காலில்தான் பார்க்க வேண்டும். வலிக்கிற கால் சூட்டைச் சரியாக உணராது, வெந்துவிடும். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது, கல்லீரல் நோய் உண்டா என்பதும் முக்கியம். கடல் நீரில் இருக்கும் விப்ரியோ கிருமி கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு உயிருக்கே ஆபத்து. சங்கு குளித்து வந்தபின் மூட்டு வலி என்பவரிடம் ஆழமும், எத்தனை முறை இறங்கினார் என்பதும் கேட்டு எழுத வேண்டும். நேர்காணலில் ஒரு கேஸை இப்படி விரித்துச் சொல்பவரை ஒதுக்குவது கடினம்.

கீழக்கரைவாசி: ரொம்ப நன்றி. அப்படியென்றால் முதலில் வேலைக்குப் போவதே நல்லதா?

பாம்பன்_நர்சிங்: ஆமாம். இரண்டு வருஷம் மதுரையிலோ ராமநாதபுரத்திலோ அவசரப் பிரிவு அல்லது அறுவைப் பிரிவு கிடைத்தால் நல்லது. நியமன ஆணையில் பதவி 'பிசிஷியன் அசிஸ்டென்ட்' என்றே இருக்கிறதா என்று சேரும் அன்றே பாருங்கள். வேறு பெயரில் போட்டால் அந்த மணி நேரம் பின்னால் கணக்கில் வராமல் போகலாம். சம்பளச் சீட்டு, பி.எஃப். விவரம் எல்லாம் பத்திரமாக இருக்கட்டும். பல்கலைக்கழக டிரான்ஸ்கிரிப்டும் (மதிப்பெண் விவரச் சான்று), மணி நேரம் குறித்த பாடத்திட்ட நகலும் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். அதற்கான விண்ணப்பத்தை மட்டும் இப்போதே போட்டுவிடுங்கள்.