டாங் குவாய் வேர்: முந்தைய பதிவுக்கு ஒரு புதுப்பிப்பு

சீன மருத்துவத்தில் மாதவிடாய்க் கோளாறுகளுக்குத் தரப்படும் டாங் குவாய் வேரைப் பற்றி முன்பு எழுதியபோது, அது பெண்களின் இயக்குநீரான ஈஸ்ட்ரோஜன் போலச் செயல்படுமா, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தான வார்ஃபரின் உட்கொள்வோருக்கு ஏற்றதா என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள்.

முதல் கேள்விக்கு, 1997-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு ஓரளவு விடை தருகிறது. மாதவிடாய் நின்ற 71 பெண்களில் ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 4.5 கிராம் வேரும் மற்றவர்களுக்கு ஒப்பீட்டுக்காக மருந்துச் சத்தில்லாத போலி மருந்தும் 24 வாரங்கள் கொடுக்கப்பட்டன. ஈஸ்ட்ரோஜன் போலச் செயல்பட்டால் மாறக்கூடிய கருப்பை உட்படலத்தின் தடிமனிலும் உடலில் திடீரென வெப்பம் பரவும் தொல்லையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆயினும் மாதவிடாய் வலியை அந்த ஆய்வு சோதிக்கவேயில்லை என்பதையும், சீன மருத்துவர்கள் இவ்வேரைப் பெரும்பாலும் தனியாகத் தராமல், வெண் பியோனி, ரெமானியா, சுவான்சியோங் ஆகிய மூலிகைகளின் வேர்களோடு சேர்த்து 'சி வு தாங்' என்னும் நான்கு சரக்குக் கஷாயமாகவே தருகிறார்கள் என்பதையும் கருதாமல் வேரையே பயனற்றது என்று ஒதுக்குவது, என் பார்வையில், நியாயமாகாது.

இரண்டாவது கேள்வியில் எனக்குத் தயக்கமே இல்லை. வார்ஃபரினோடு இவ்வேரை உட்கொண்டவருக்கு இரத்தம் உறையும் நேரம் வெகுவாக நீண்டது 1999-இல் மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது. ஆகவே அத்தகையோரும், கருவுற்றவர்களும், அதிக உதிரப்போக்கு உடையவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும்.