ஆபத்து வேண்டாம், சூழிடர் போதும்: கோள் விளையாட்டுக்கான சொற்கள்

அன்பர்களுக்கு வணக்கம்.

விண்வெளி ஆய்வு விளையாட்டுக்கான சொற்பட்டியலில் 'ஹஸார்டு' (hazard) என்ற ஆங்கிலச் சொல் வரும் இடங்களில் எல்லாம் 'ஆபத்து' என்று நிரப்பியிருக்கிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆபத்து ஆளுக்கு நேர்வது. வெள்ளியின் தரையோ, யார் போனாலும் போகாவிட்டாலும் ஏறத்தாழ 465 டிகிரி செல்சியசில் தகித்துக்கொண்டுதான் இருக்கிறது. விளையாட்டில் இரண்டுக்கும் தனித்தனிக் குறிகள் உண்டு. ஒரே சொல்லைப் போட்டால் ஆடுபவர் குழம்புவார்.

'சூழிடர்' என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. பேரிடர் மேலாண்மை என்று அரசு ஆணைகளிலேயே படித்துப் பழகிவிட்டதால் 'இடர்' யாருக்கும் புதிதல்ல. சூழ்ந்த, சூழ்கின்ற, சூழும் இடர் என வினைத்தொகையாக விரிவதும் பொருத்தம்தான். நாலே எழுத்து, திரை மூலையில் உள்ள சின்னப் பெட்டியில் அடங்கிவிடும். போன வாரம் வந்த 'சுற்றுச்சூழல் அபாயக் காரணி' தேர்வுத்தாளுக்குப் பொருந்தலாம், பெட்டிக்குள் நுழையாது.

அடுத்தது செவ்வாய். 'புழுதிப்புயல்' என்பதற்குப் பலர் கைதூக்கியிருக்கிறீர்கள். புயல் என்றதும் கூரை பறக்கும், மரம் சாயும் என்று நமக்குத் தோன்றும். அங்கே காற்றழுத்தம் புவியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூடக் கிடையாது. எவ்வளவு வேகமாக வீசினாலும் ஊர்தியைப் புரட்டிப்போடாது. 2018 இல் கோள் முழுவதையும் புழுதி மூடியபோது ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தியின் சூரியப் பலகைகளுக்கு வெளிச்சம் கிட்டவில்லை. ஜூன் மாதத்தில் அதன் குரல் நின்றது. 2019 பிப்ரவரியில் நாசா பணி முடிந்ததாக அறிவித்தது. ஊர்தி முடங்கியது இருட்டால்தான். ஆகவே 'புழுதிமூட்டம்' என்போம். பனிமூட்டம், மேகமூட்டம் என்று வாயில் புழங்கும் சொல், வெளிச்சம் மறைவதையும் சொல்லிவிடுகிறது. வடிவமைப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இந்தச் சூழிடரில் ஊர்தியைத் தூக்கி வீசாதீர்கள், மின்கல அளவைக் காட்டும் கோடு சரியட்டும்.

புழுதியைச் சுழற்றிக்கொண்டு நகரும் சிறு காற்றுக்கான 'புழுதிச்சுழல்' தனியாக இருக்கட்டும். 2005 இல் செவ்வாயில் இருந்த ஸ்பிரிட் ஊர்தியின் பலகைகளில் படிந்த புழுதியைக் காற்றே துடைத்துவிட, மின்சாரம் சட்டென்று ஏறியது. சுழலைத் தேடிப் போய் நிற்பது விளையாட்டில் நல்ல உத்தியாகவே இருக்கும்!

வெள்ளிக்கு வரைந்திருக்கும் 'அமிலமழை' படத்தைத் தரைக்காட்சியிலிருந்து எடுத்துவிட வேண்டும். மேகங்களில் உள்ள கந்தக அமிலத் துளிகள் கீழே வரும் வழியிலேயே ஆவியாகிவிடுகின்றன. தரையில் இருப்பது வெப்பமும், புவியைப்போல் 90 மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும். சுமார் 50 கிலோமீட்டர் உயரத்தில் நிலைமை தலைகீழ்: அழுத்தம் ஏறக்குறைய நம் ஊர் அளவுதான், அமிலம்தான் தொல்லை. மிதக்கும் பாசறைக்கு 'அமிலமேகம்', தரைக்கு 'நொறுக்கழுத்தம்' என்று பிரித்துவிடலாம். 1982 இல் வெள்ளித் தரையில் இறங்கிய சோவியத் கலமான வெனேரா 13, 127 நிமிடம் தாக்குப்பிடித்தது. கலம் இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று காட்டும் கடிகாரத்துக்குத் 'தாங்குநேரம்' என்ற பெயர் சரிவரும்.

நிலவின் தூசுக்கு 'மணல்' வேண்டவே வேண்டாம். தேய்த்து மழுக்க அங்கே காற்றும் இல்லை, நீரும் இல்லை. அதனால் ஒவ்வொரு துகளும் கூர்முனையோடு இருக்கும், விண்ணுடையை அராவும். அப்பல்லோ 17 இல் நிலவுக்குப் போன ஹாரிசன் ஷ்மிட்டுக்கு அதை முகர்ந்து மூக்கடைத்தது. 'கூர்துகள்' எப்படி? வியாழனின் துணைக்கோளான அயோவுக்குக் 'கதிர்வீச்சு' போதும், புதிதாக எதுவும் தேவையில்லை.

'ஆபத்து' என்பதை ஆடுபவரின் உயிர்வளி தீரும்போது வரும் சிவப்பு எச்சரிக்கைக்கு மட்டும் வைத்துக்கொள்வோம்.

எனக்குப் பிடிபடாமல் நிற்பது சனியின் துணைக்கோளான டைட்டனின் மீத்தேன் மழை. அங்கே ஈர்ப்பு குறைவு, காற்றின் அடர்த்தி அதிகம். அதனால் துளிகள் நம் மழைத்துளியைவிடப் பெரியவை, ஆனால் மிக மெதுவாக இறங்கும். தூறல் என்றால் துளி சிறுத்துவிடுகிறது, அடைமழை என்றால் வேகம் வந்துவிடுகிறது. யாருக்காவது வட்டாரச் சொல் ஏதும் தெரிந்தால் எழுதுங்கள்.