கவர்மெண்ட் சைக்கிளில் இரண்டு வருஷம்

எளிமையாக வாழ்வது, உடம்பைப் பார்த்துக்கொள்வது என்று எல்லாரும் அவரவர் அனுபவத்தைச் சொல்கிறீர்கள். என்னிடம் இருப்பது ஒரு சைக்கிளும், அதில் போகும்போது எதிர்ப்பட்ட நான்கைந்து பேரும்தான். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மதுரை. பி.எஸ்சி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு. சைக்கிள் பதினொன்றாம் வகுப்பில் பள்ளியில் கொடுத்தது. அரசாங்கக் காகிதத்தில் அதற்குப் பெயர் விலையில்லா மிதிவண்டி, ஊரில் கவர்மெண்ட் சைக்கிள். வாங்கிய அன்றே நேராகக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போய், எல்லா நட்டையும் முறுக்கி, பால்ரஸுக்குக் கிரீஸ் வைத்து ஓட்டத் தொடங்கினோம். கூடப் படித்தவர்களில் சிலர் மறு வாரமே விற்றுவிட்டார்கள். நான் விற்காததற்குக் கொள்கை எதுவும் காரணமில்லை. அப்பா சொன்ன விலைக்கு ஆள் வரவில்லை, அவ்வளவுதான்.

வீடு ஆனையூர் பக்கம். கூடல் நகர், செல்லூர், கோரிப்பாளையம் வந்து வைகையைத் தாண்ட வேண்டும். தாண்டுவது ஏ.வி. பாலத்தில். 1889-இல் கட்டியது, வெள்ளைக்கார இளவரசர் ஆல்பர்ட் விக்டர் பெயரைத்தான் நாங்கள் ஏ.வி. ஆக்கி வைத்திருக்கிறோம். ஒரு வழிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் வரும். காலை எட்டு மணி பஸ்ஸில் படியில் தொங்குவதற்கு இது எவ்வளவோ மேல்.

கல்லூரியில் சேர்ந்த முதல் நாள், அடையாள அட்டை இன்னும் தரவில்லை. வாசலில் வாட்ச்மேன் அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"காண்ட்ராக்ட் ஆளுங்க பின் கேட்டு வழியா வரணும்ப்பா."

இஸ்திரி போட்ட சட்டை, தோளில் பை, அதற்குள் புது நோட்டு எல்லாம் இருந்தது. அவர் எதையும் பார்க்கவில்லை. சைக்கிளைத்தான் பார்த்தார். ஸ்டூடண்ட் என்றதும், "அட, சைக்கிள்லயா வந்த?" என்று சிரித்து உள்ளே விட்டார். கெட்ட மனிதர் இல்லை, இன்றைக்கும் தினமும் பேசுவார். ஆனால் அந்தச் சிரிப்பு ஒரு வாரம் காதில் இருந்தது.

உள்ளே மூன்று தகர ஷெட், மூன்றிலும் பைக். ஓரத்தில் வேப்பமரத்தடியில் சைக்கிள்கள். எண்ணிப் பார்த்தேன், என்னுடையதோடு பதினொன்று. மற்றவை பெரும்பாலும் கூட்டிப் பெருக்குகிற அக்காமாருடையது, ஒன்றிரண்டு தோட்டக்காரருடையது. நான் நிறுத்திய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு அக்காவின் லேடீஸ் சைக்கிள் நிற்கும். அதுவும் கவர்மெண்ட் சைக்கிள்தான், மகளுக்குக் கொடுத்ததாக இருக்கும். கேரியரில் தூக்குச்சட்டி, ஹேண்டில் பாரில் ஒரு துணிப்பை.

நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது வாரத்திலிருந்து சைக்கிளை அந்த மரத்தடியில் நிறுத்தவில்லை. எதிர்ப்பக்கம் சுவரோரமாக, பைக்குகளுக்குப் பின்னால் தனியாக நிறுத்தினேன். ஏன் என்று யாராவது கேட்டிருந்தால், வகுப்புக்கு அது பக்கம் என்று சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

அடுத்து வந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்கள். அழகர்கோவில் சாலையில் காலை ஆறு மணிக்குப் போனால் பார்க்கலாம். ஹெல்மெட், உடம்போடு ஒட்டிய சட்டை, மெத்தை வைத்த டவுசர், பின்னால் மினுக்கும் சிவப்பு விளக்கு, ஒருவர் பின் ஒருவராக விர்ரென்று போவார்கள். மதுரையிலிருந்து கோவில் வரை 21 கிலோமீட்டர், போய்த் திரும்பினால் நாற்பதுக்கு மேல். எங்கள் அத்தை வீடு அப்பன்திருப்பதி. அங்கே வயல் இருக்கிறது, மாதம் ஒருமுறை அரிசி வாங்கிவரப் போவேன்.

ஒரு ஞாயிறு அரிசி மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு திரும்பும்போது டீக்கடையில் நின்றேன். அவர்களும் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். அதில் ஒருவர், ஐம்பது வயசு இருக்கும், டாக்டராம், என் சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"தம்பி, டெய்லி எவ்வளவு ஓட்டுறீங்க?"

"பதினஞ்சு வரும் சார்."

"சூப்பர். வெயிட்டோட ட்ரெய்னிங்கா?"

"இல்ல சார், அரிசி."

எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். அவர் தன் சைக்கிளைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். இரண்டு விரலில் வந்துவிட்டது. விலையைக் கேட்டேன், சொன்னார், டீயைக் கீழே வைத்துவிட்டேன். பதிலுக்கு அவர் என் சைக்கிளைத் தூக்கிப் பார்க்க, மூட்டையோடு பின் சக்கரம் தரையை விட்டு நகரவில்லை.

போகும் முன் ஒரு காரியம் செய்தார். சீட்டில் என்னை உட்காரவைத்து, குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே மிதிக்கச் சொன்னார். முழங்கால் நன்றாக மடங்கியே இருந்தது. "இவ்வளவு தாழ்வா வச்சு ஓட்டினா முட்டிக்கு ஆகாது. குதிகால் பெடல்ல இருக்கும்போது கால் நேரா நீளணும். அப்புறம் முன்பாதத்தால மிதிச்சீங்கன்னா சரியான வளைவு வந்துரும்" என்று சொல்லி, டீக்கடையில் ஸ்பேனர் கேட்டு வாங்கி, சீட்டை மூன்று விரல் உயரம் ஏற்றிவிட்டார். மூன்று வருஷமாக முட்டி வலிக்கிறது என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவன் நான். பத்தே நாளில் வலி போய்விட்டது. சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது செய்துபாருங்கள்.

திங்கட்கிழமை வகுப்பில் ஒருவன் வழக்கம்போல, "ஏன்டா இன்னும் இதுல வர்ற, ஒரு செகண்ட்ஸ் வண்டி பாக்கலாம்ல" என்றான். முந்தின நாள் வாடை இன்னும் போகவில்லை போல, வாயில் தானாக வந்தது: "ஃபிட்னஸுக்குடா. டெய்லி சைக்ளிங்."

அந்த ஒரு வார்த்தைக்குக் கிடைத்த மரியாதை இருக்கிறதே! அன்றிலிருந்து நான் சைக்ளிங் பண்ணுகிறவன். ஒருவன் தொடையைத் தட்டிப் பார்த்தான். கையில் வாட்ச் கட்டி நடையை எண்ணுகிறவன் ஒருவன், "உனக்கு ஸ்டெப்ஸ் ஏறாதேடா, கணக்குக்கு என்ன பண்ணுவ?" என்று உண்மையிலேயே கவலைப்பட்டான். (அந்தப் பத்தாயிரம் அடிக் கணக்கே 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு கருவியின் பெயரிலிருந்து வந்ததுதான். 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று பெயர் வைத்தார்கள், எண் ஒட்டிக்கொண்டது. சொன்னேன். நம்பவில்லை.) அதே சைக்கிள், அதே நான், அதே ஏழு கிலோமீட்டர். இல்லாததால் ஓட்டினால் பாவம், வேண்டுமென்று ஓட்டினால் சபாஷ். பொய் சொன்னது உறுத்தவில்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் வசதியாக இருந்தது.

என் அப்பத்தா இதில் என்னைவிடத் தெளிவு. தமுக்கம் பக்கம் தள்ளுவண்டியில் கம்பங்கூழ் குடிக்கக் கார்கள் நிற்பதைச் சொல்லி, உனக்கும் ஒரு செம்பு வாங்கி வரவா என்றேன். "நான் ஆயுசுக்கும் குடிச்சாச்சு. எனக்கு நெல்லுச்சோறு போடு" என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கோடை விடுமுறையில் மாமா ஒருவர், போலீஸ் தேர்வுக்கு எழுது என்று பிடித்துக்கொண்டார். சரி, முதலில் ஓடிப் பார்ப்போம் என்று ரேஸ்கோர்ஸ் கிரவுண்டுக்கு ஒரு மாதம் போனேன். விடிவதற்கு முன்பே அங்கே ஒரு தனி ஊர் இருக்கிறது. ஷூ போட்டு வட்டமடிக்கும் பெரியவர்கள் ஒரு பக்கம், வெறுங்காலில் ஓடும் பையன்கள் ஒரு பக்கம். பையன்கள் எல்லாரும் கணக்காக ஓடுவார்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். 400 மீட்டர் டிராக்கில் மூன்று சுற்று முழுதாக, நாலாவது முக்கால் சுற்று. தினமும் பதினைந்து கிலோமீட்டர் மிதிக்கிறவன்தானே என்ற தைரியத்தில் இறங்கினேன். மூன்றாவது சுற்றில் விலா பிடித்துக்கொண்டது. எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது. மிதிக்கிற கால் வேறு, ஓடுகிற கால் வேறு.

அங்கேதான் அந்த அண்ணனைப் பார்த்தேன். மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் ராத்திரி மூட்டை தூக்குகிறவர். லோடு இறக்கி முடித்து, வெங்காயச் சருகு தலையில் ஒட்டியிருக்க, நேராக கிரவுண்டுக்கு வருவார். 1500 மீட்டர் அவருக்கு ஆறு நிமிடம்கூட ஆகாது. கயிறு ஏறுவதைப் பார்த்தால் நம் கையைப் பார்த்து நமக்கே வெட்கமாக இருக்கும். காலைப் பின்னாமல், கையாலேயே மேலே போய்விடுவார். எழுத்துத் தேர்வும் ஒருமுறை பாஸ் ஆகிவிட்டார். திருப்பி அனுப்பியது உயரத்தில்.

"நமக்கு 170 வேணும் தம்பி. நம்ம 169 சொச்சம்."

கிரவுண்டு ஓரத்தில் ஒரு கம்பத்தில் யாரோ சென்டிமீட்டர் கோடு போட்டு வைத்திருந்தார்கள். தினமும் ஓட்டம் முடிந்ததும் அதில் முதுகை ஒட்டி நிற்பார், தலைக்கு மேல் ஒரு ஸ்கேலை வைத்து நான் பார்த்துச் சொல்ல வேண்டும். வரும்போதெல்லாம் 169-க்குக் கொஞ்சம் மேல். ஒரே ஒரு நாள் 170-ஐத் தாண்டிக் காட்டியது. நான் தப்பாகப் பார்த்துவிட்டேனோ என்று மறுபடி பார்த்தேன், அதேதான். முந்தின ராத்திரி என்ன செய்தீர்கள் என்று கேட்டால், மார்க்கெட் லீவு, வீட்டில் படுத்துத் தூங்கினேன் என்றார்.

விஷயம் புரிந்தது. முதுகெலும்புக் கணுக்களுக்கு நடுவே இருக்கும் டிஸ்க், நிற்க நிற்க, பாரம் ஏற ஏற அமுங்கும். படுத்துத் தூங்கினால் தண்ணீரை இழுத்து மறுபடி உப்பும். அதனால் எல்லாருமே காலையில் எழுந்ததும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உயரம், சாயங்காலம் குறைவு. அளவெடுப்புக்கு வரும் மற்ற பையன்களுக்கு அது காலை. இவருக்கு அதுவே ஒரு நாள் வேலையின் கடைசி மணி. போன முறையும் மார்க்கெட்டிலிருந்து நேராகத்தான் போயிருக்கிறார்.

சொன்னேன். கொஞ்ச நேரம் கம்பத்தையே பார்த்தார். "அப்ப அந்த ஒரு சென்டிமீட்டரு மார்க்கெட்டுல கெடக்கா?" என்றார். அப்புறம் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார், அடுத்த முறை அளவெடுப்புக்கு முன்னால் எத்தனை ராத்திரி லீவு போட்டால் தாங்கும் என்று. நான்கு என்று முடிவானது. நான்கு ராத்திரிக் கூலி. அந்தக் கணக்கில் நான் சொல்ல எதுவுமில்லை, ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ரேஸ்கோர்ஸிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் தமுக்கம் எதிரே காந்தி மியூசியம் இருக்கிறது. ராணி மங்கம்மாள் அரண்மனை, 1959-இல் நேரு திறந்து வைத்த மியூசியம். எத்தனையோ முறை தாண்டிப் போன இடம். வெயில் ஏறிவிட்டதே என்று ஒரு நாள் உள்ளே போய் உட்கார்ந்தேன். காந்தி அரைவேட்டிக்கு மாறியது மதுரையில்தான், 1921 செப்டம்பர் 22, மேலமாசி வீதி வீட்டில் வைத்து என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். அதற்கு முந்தின கதை பிறகுதான் தெரிந்தது. மதுரைக்கு வரும் ரயிலில், கதர் கட்டுங்கள் என்று கூட வந்தவர்களிடம் சொல்லியிருக்கிறார். கதர் விலை அதிகம், வாங்கப் பணம் எங்கே இருக்கிறது என்றிருக்கிறார்கள். அதைக் கேட்டுத்தான் மேல்சட்டை, தொப்பி, முழு வேட்டியை விட்டார். அதுவும் முதலில் அக்டோபர் 31 வரைக்கும் என்றுதான் சொன்னார். எனக்கு அவர் விட்ட துணியைவிட, ரயிலில் பதில் சொன்ன அந்த ஆட்கள்தான் மனசில் நின்றார்கள். அவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

கல்லூரி திறந்தது. ஜூலை என்று பெயர், வெயில் மே மாதம்தான். சாயங்காலம் சுவரோரம் போய் சைக்கிளில் ஏறினால் சீட்டு பழுக்கக் காய்ச்சிய தோசைக்கல். கைக்குட்டையை நனைத்துப் போட்டு நின்றுகொண்டிருந்தேன். மரத்தடி அக்கா விளக்குமாற்றோடு வந்தார்.

"ஏந்தம்பி, ஒரு வருசமா பாக்குறேன், இந்த வெயில்லயே கொண்டாந்து நிறுத்துற. டயரு வெடிக்கும்ல. மரத்தடி எடம் இருக்கே, நாங்க தள்ளி வச்சுக்கிற மாட்டோமா?"

"இல்லக்கா... வகுப்புக்கு இது பக்கம்."

அக்கா வகுப்பு இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தார். மரத்தடியைப் பார்த்தார். தூரம் இரண்டுக்கும் ஒன்றுதான், அவருக்கு அந்த வளாகத்தில் ஒவ்வொரு அடியும் தெரியும், தினமும் கூட்டுகிறவர். ஒன்றும் சொல்லவில்லை. "நாளைக்கு அங்கயே போடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் போய்ப் பார்த்தால், லேடீஸ் சைக்கிளை ஒரு சாண் நகர்த்தி, நடுவில் இடம் விட்டிருந்தார். நிறுத்தினேன்.

போன வாரம் மத்தியானம், "தம்பி, பின் டயர்ல காத்து எறங்கிருச்சு, நீ கடைப்பக்கம் போனா என் வண்டியையும் தள்ளிட்டுப் போறியா?" என்றார். வலது கையில் அவருடையது, இடது கையில் என்னுடையது, தூக்குச்சட்டி டங் டங் என்று ஆட முன் கேட்டுக்கு வந்தேன். வாட்ச்மேன் அண்ணன் இரண்டு சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல எதுப்பா உன்னது?"

காற்றடிக்கும் கடை மத்தியானம் இரண்டு மணிக்குச் சாத்திவிடுவார்கள், பதில் சொல்ல நேரமில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு இரண்டையும் தள்ளிக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன்.