தீயணைப்பு விஎச்எஃப், போலீஸ் பி25: கேட்வேயில் சேர்த்தால் முதல் வார்த்தை ஏன் காணாமல் போகிறது?

வேலு_ஆர்எஃப் கேட்டது:

அமெரிக்காவில் ஒரு கவுண்டி. தீயணைப்புத் துறை விஎச்எஃப் அனலாக் ரிப்பீட்டரில் (வந்த சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) 12.5 கிலோஹெர்ட்ஸ் சானலில் இருக்கிறது. போலீஸ் 800 மெகாஹெர்ட்ஸ் பி25 ஃபேஸ் 2 டிரங்கிங்கில் (டிஜிட்டல் முறை; பேசும்போதெல்லாம் சிஸ்டமே ஒரு சானலை ஒதுக்கும்). டிஸ்பேட்ச் சென்டரில் இரண்டையும் இணைக்க (பேட்ச் செய்ய) ஒரு கேட்வே பெட்டி, இரு பக்கத்துக்கும் கண்ட்ரோல் ஸ்டேஷனாக ஒவ்வொரு மொபைல் ரேடியோ. பெட்டியில் ஒலியைக் கண்டறிவது வாக்ஸ் முறை, அதாவது சத்தம் வந்தால்தான் விழிக்கும்.

சிக்கல் மூன்று. தீயணைப்பு வீரர் பேசினால் முதல் இரண்டு மூன்று வார்த்தை போலீஸ் பக்கம் போவதில்லை. பேசி முடித்த பிறகு சில நேரம் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று மாற்றி மாற்றி கீ செய்துகொண்டே (டிரான்ஸ்மிட் செய்ய வைத்துக்கொண்டே) இருக்கின்றன, பேட்ச்சைக் கையால் பிரித்தால்தான் நிற்கிறது. போலீஸின் என்கிரிப்டட் (சாவி போட்டுப் பூட்டிய) டாக்குரூப்பில், அதாவது பேச்சுக் குழுவில், போட்டால் தீயணைப்புப் பக்கம் ஒன்றுமே கேட்பதில்லை. பெட்டியை மாற்றினால் சரியாகுமா?

கோபுரம்_சேகர்:

பெட்டியை மாற்ற வேண்டாம். முதல் இரண்டு சிக்கலும் டைமிங்.

பிடிடி (பேசும் பொத்தான்) அழுத்தியதிலிருந்து என்ன நடக்கிறது என்று வரிசையாகப் பாருங்கள். கையிலிருக்கும் ரேடியோ டிரான்ஸ்மிட்டுக்கு வர வேண்டும். ரிப்பீட்டர் சிடிசிஎஸ்எஸ் டோனை (பேச்சோடு சேர்ந்து போகும் தாழ்ந்த அடையாள ஒலி) அடையாளம் காண சுமார் 200 மில்லிசெகண்ட். ரிப்பீட்டர் கிளம்பிய பிறகு உங்கள் கண்ட்ரோல் ஸ்டேஷன் அதே டோனை மறுபடி டிகோட் செய்ய இன்னொரு 200. அதன் பிறகுதான் வாக்ஸ் விழிக்கிறது, அதுவும் முதல் அசையைத் தின்ற பிறகு. இத்தனைக்குப் பிறகு 800 பக்க ரேடியோ கண்ட்ரோல் சானலில் அனுமதி கேட்டு, சானல் ஒதுக்கப்பட்டு, அங்கே தாவ வேண்டும். கூட்டினால் ஒரு செகண்டை ஒட்டி வந்துவிடும். "மேடே" போன்ற ஒற்றைச் சொல் மொத்தமாகவே போய்விடும்.

முதலில் வாக்ஸை எடுத்துவிட்டு சிஓஆர் கம்பியை (ரேடியோவுக்கு சிக்னல் வருவதைச் சொல்லும் கம்பி) இழுங்கள். மொபைல் ரேடியோவின் ஆக்சஸரி கனெக்டரில் அது கிடைக்கும். லாஜிக் ஆக்டிவ் லோவா ஹையா என்று பார்த்து கேட்வேயிலும் அதேபோல வையுங்கள். அடுத்து கேட்வேயின் ஆடியோ டிலே. 800 பக்கம் பேச அனுமதி வரும்வரை பேச்சைத் தேக்கி வைப்பது அதன் வேலை. அளவை ஊகித்து வைக்க வேண்டாம். லேப்டாப்பில் ஸ்டீரியோ பதிவு போடுங்கள்: இடது சானலில் பேசுபவரின் மைக், வலது சானலில் மறுபக்க ரேடியோவின் ஸ்பீக்கர். ஒன்று முதல் பத்து வரை எண்ணச் சொல்லுங்கள். எந்த எண் முதலில் கேட்கிறது, எத்தனை மில்லிசெகண்ட் இழப்பு என்பது அலைவடிவத்திலேயே தெரியும். பத்து முறை எடுத்து, மிக மோசமான அளவுக்கு டிலேயை வையுங்கள், சராசரிக்கு அல்ல.

டிலே காப்பாற்றாத இடம் ஒன்று உண்டு. சிஸ்டத்தில் சானல்கள் நிரம்பியிருந்தால் 800 ரேடியோ பிஸி டோன் கொடுத்து வரிசையில் நிற்கும். தீயணைப்பு வீரருக்கு அந்த பிஸி டோன் கேட்காது; பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது என்றே நினைப்பார். அதனால் கண்ட்ரோல் ஸ்டேஷனின் முன்னுரிமையை உயர்த்தச் சொல்லி சிஸ்டம் மேனேஜரிடம் கேளுங்கள். முடிந்தால் 800 பக்கத்தை ரேடியோ வழியாக எடுக்காமல் சிஎஸ்எஸ்ஐ (பி25 சிஸ்டத்தையும் கன்சோலையும் இணைக்கும் இடைமுகம்) வழியாக கன்சோலில் நேராக எடுங்கள்; ஒரு ஆர்எஃப் தாவல் குறையும்.

இனி அந்த மாறி மாறி கீ ஆகும் விஷயம். அது ரிப்பீட்டரின் வால். பேச்சு முடிந்தும் கேரியர் (பேச்சைச் சுமக்கும் அலை) இரண்டு மூன்று செகண்ட் நிற்கிறது, இதுதான் ஹேங் டைம். கண்ட்ரோல் ஸ்டேஷன் கேரியர் ஸ்குவெல்ச்சில் (கேரியர் வந்தாலே திறக்கும் முறை) இருந்தால் யாரோ இன்னும் பேசுவதாகவே கேட்வே நம்பும். 800 பக்கம் கீ ஆகியே இருக்கும். போலீஸ்காரர் பதில் சொல்ல முடியாது. வாக்ஸாக இருந்தால் வால் முடியும்போது வரும் 'கிஷ்' சத்தமே எதிர்ப்பக்கத்தைக் கீ செய்யப் போதும். அங்கிருந்து திரும்பி வரும் சத்தம் இந்தப் பக்கத்தைக் கீ செய்யும். ரிப்பீட்டரில் ஹேங் டைமின்போது டோன் வெளியேறாதபடி வையுங்கள், கண்ட்ரோல் ஸ்டேஷனை டோன் ஸ்குவெல்ச்சில் (டோன் வந்தால்தான் திறக்கும் முறை) வையுங்கள். பேச்சோடு சிஓஆரும் விழுந்துவிடும். டோனை அப்படி நிறுத்த வசதியில்லாத பழைய ரிப்பீட்டர் என்றால் ஹேங் டைமைப் பூஜ்ஜியமாக்குங்கள்.

ஒலி_மீனா:

சேகர் சொன்னதோடு ஆடியோ லெவலையும் சேர்த்துப் பாருங்கள், பாதிப் பேர் இதைத் தொடுவதே இல்லை. அனலாக் பக்கம்: 1 கிலோஹெர்ட்ஸ் டோன், 60 சதவீத டீவியேஷன் (அதிர்வெண் விலகும் அளவு). விஎச்எஃப் குறுகிய சானலில் உச்சம் 2.5 கிலோஹெர்ட்ஸ், ஆகவே 1.5-இல் வைத்து கேட்வே உள்ளீட்டைச் சரிசெய்யுங்கள். பி25 பக்கத்துக்கு அதே டோனை நம்ப வேண்டாம். வோகோடர் (பேச்சை டிஜிட்டலாகச் சுருக்கும் பகுதி) மனிதப் பேச்சுக்காகச் செய்தது. ஒற்றை டோனை வைத்து எடுத்த அளவு பேச்சுக்குப் பொருந்தாது. உண்மையான பேச்சைப் பதிவு செய்து ஓட்டி அளவிடுங்கள்.

டிஸ்கிரிமினேட்டரிலிருந்து (ரிசீவரில் அலையிலிருந்து ஒலியைப் பிரிக்கும் பகுதி) எடுத்த ஃபிளாட் ஆடியோவை, டி-எம்ஃபசிஸ் ஆன (உயர் ஒலிகள் குறைக்கப்பட்ட) ஒலியை எதிர்பார்க்கும் போர்ட்டில் கொடுத்தால் குரல் கீச்சென்று வரும். மாற்றிக் கொடுத்தால் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கும். 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வடிகட்டுவதையும் மறக்காதீர்கள், சிடிசிஎஸ்எஸ் முனகல் வோகோடருக்குள் போகக் கூடாது.

எரியும் கட்டடத்துக்குள் இருப்பவர்களின் சானலை மட்டும் இந்த பேட்ச்சில் போடாதீர்கள். ரம்பச் சத்தம், மூச்சுக் கருவியின் அலாரம் ஆகியவற்றோடு பேச்சு வரும்போது டிஜிட்டல் வோகோடர் எவ்வளவு தடுமாறுகிறது என்பதை 2008-இல் அமெரிக்க அரசின் தொலைத்தொடர்பு அமைப்பான என்டிஐஏவின் அறிக்கை அளந்தே காட்டியது. அந்தச் சானல் அனலாக் சிம்ப்ளெக்ஸாகவே (ரிப்பீட்டர் இல்லாமல் ரேடியோவிலிருந்து ரேடியோவுக்கு நேராக) இருக்கட்டும். கமாண்டர்களின் சானலைப் பேட்ச் செய்யுங்கள்.

சாவி_ரஹீம்:

மூன்றாவது கேள்விக்கு: 800 பக்கக் கண்ட்ரோல் ஸ்டேஷனில் சாவி ஏற்றியிருக்கிறீர்களா? ஏற்றியிருந்தால் அல்காரிதமும் கீ ஐடியும் போலீஸோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். கீ ஐடி ஒன்றாக இருந்து உள்ளே சாவி வேறாக இருந்தால் அமைதி வராது, கரகர சத்தம்தான் வரும். உங்களுக்கு ஒன்றுமே கேட்கவில்லை என்பதால் சாவியே இல்லை என்று தோன்றுகிறது.

ஆனால் சாவியைக் கேட்டு வாங்கும் முன் யோசியுங்கள். ஏஇஎஸ்-256 என்ற குறியாக்க முறையில் பூட்டி அனுப்பிய பேச்சு கேட்வேயில் திறந்து, விஎச்எஃப் அனலாக்கில் அப்படியே வெளியே போகும். ஸ்கேனர் வைத்திருக்கும் எவரும் கேட்கலாம், பேசும் போலீஸ்காரருக்கு அது தெரியவே தெரியாது. அவருடைய உயிரோடு விளையாடும் வேலை இது. பேட்ச்சுக்கென்றே பூட்டில்லாத ஒரு டாக்குரூப்பை ஒதுக்கச் சொல்லுங்கள்.

சானல்_திட்டம்:

பேட்ச் கடைசி வழியாக இருக்க வேண்டும். பல துறைகள் சேர்ந்து பேசுவதற்கான பொதுச் சானல்கள் ஏற்கெனவே இருக்கின்றன. விஎச்எஃப்பில் விகால்10, 155.7525 மெகாஹெர்ட்ஸ், கூடவே விடாக்11 முதல் 14 வரை. 800-இல் 8கால்90, ரிப்பீட்டர் வெளியீடு 851.0125, உள்ளீடு 806.0125, பிறகு 8டாக்91 முதல் 94 வரை. இவற்றுக்கெல்லாம் டோன் 156.7 ஹெர்ட்ஸ். எல்லா ரேடியோவிலும் இவை ஒரே பெயரில், ஒரே சோனில் (சானல் தொகுப்பில்) இருக்க வேண்டும். ஒருவர் ரேடியோவில் "டாக் 3", இன்னொருவர் ரேடியோவில் "8டாக்93" என்று இருந்தால் இருவரும் ஒரே சானலில் நின்றும் தேடிக்கொண்டிருப்பார்கள்.

விஎச்எஃப் ரேடியோவுக்கு 800 கேட்காது என்பது உண்மை. அதற்கு மல்டிபேண்ட் ரேடியோவைக் கமாண்டர்களுக்கு மட்டும் கொடுங்கள், மற்றவர்களுக்கு விடாக் ஒன்றையும் 8டாக் ஒன்றையும் முன்கூட்டியே தீர்மானித்துப் பேட்ச் செய்யுங்கள். டிரங்கிங் சானல் ஒதுக்கீடு, வோகோடர், சாவி எல்லாமே இதில் கழன்றுவிடும். லெவலில் மட்டும் கவனம்: 8டாக் பக்கம் உச்ச டீவியேஷன் 4 கிலோஹெர்ட்ஸ், விஎச்எஃப் பக்கம் 2.5.

பேட்ச்சை யார் போடுகிறார்கள், யார் பிரிக்கிறார்கள் என்பதை ஒரே டிஸ்பேட்ச் சென்டர் கையில் வையுங்கள். பக்கத்துக் கவுண்டி அதே டாக்குரூப்பைத் தன் பக்கம் இன்னொன்றோடு இணைத்து, அதுவும் உங்கள் விஎச்எஃப்பில் வந்து முடிந்தால் வளையம் விழுந்துவிடும். வால் பிரச்சினையைத் தீர்த்த பிறகும் கீ நிற்காவிட்டால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

வாரம் ஒரு முறையாவது போட்டுப் பேசிப் பாருங்கள். 1993 குண்டுவெடிப்புக்குப் பிறகு நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் தீயணைப்புத் துறைக்காக ரிப்பீட்டர் வைத்தார்கள். 2001 செப்டம்பர் 11 காலை வடக்குக் கோபுர லாபியில் அதைச் சோதித்த அதிகாரிகள் வேலை செய்யவில்லை என்று கைவிட்டார்கள். மாஸ்டர் ஹேண்ட்செட்டுக்கான இரண்டாவது பொத்தான் அழுத்தப்படவே இல்லை என்று விசாரணைக் குழு பின்னர் கண்டறிந்தது. ரிப்பீட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

வேலு_ஆர்எஃப்:

நன்றி எல்லோருக்கும். சிஓஆருக்கு மாற்றி, வால் டோனை நிறுத்திவிட்டுப் பதிவெடுத்துப் பார்க்கலாம் என்று முடிவு. ரஹீம் பாய், பூட்டில்லாத டாக்குரூப்புக்கு விண்ணப்பம் எழுதுகிறோம். சேகர் சார், டிலேயை 800 மில்லிசெகண்டுக்கு மேல் வைத்தால் பதில் பேச்சு மோதுமா?

கோபுரம்_சேகர்:

மோதும். கேட்பவர் இந்தப் பக்கம் அமைதி என்று நினைத்து அழுத்துவார், தேக்கி வைத்த பேச்சின் கடைசித் துண்டு அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். 800 மில்லிசெகண்டைத் தாண்ட வேண்டியிருந்தால் டிலேயைக் கூட்டாதீர்கள். நேரம் எங்கே போகிறது என்று தேடுங்கள். பிடிடி அழுத்தி ஒரு செகண்ட் பொறுத்துப் பேசும்படி இரு துறைக்கும் பயிற்சி கொடுங்கள்.