நாய்க்குட்டி வாங்குவதா, காப்பகத்தில் தத்தெடுப்பதா?

கேள்வி: இதுதான் எங்கள் முதல் நாய், வீட்டில் 6 வயது மகள் இருக்கிறாள். காப்பகத்தில் எடுக்கத்தான் ஆசை, ஆனால் அதன் பழைய கதை தெரியாதே என்று பயம். லாப்ரடார் குட்டி வாங்கலாமா?

பதில் 1: வாங்குவதென்றால் தாய் நாயை நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள். லாப்ரடாருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரலாம், அதனால் தாய், தந்தை இரண்டுக்கும் எடுத்த எக்ஸ்ரே முடிவைக் கேளுங்கள், காட்டத் தயங்கினாலோ 8 வாரம் ஆகும் முன்பே குட்டியைக் கொடுக்க வந்தாலோ திரும்பிவிடுங்கள்.

பதில் 2: காப்பகம்தான். 2, 3 வயது நாயாகக் கேளுங்கள், குணம் பெரும்பாலும் தெரிந்திருக்கும். மகளோடு சிலமுறை போய்ப் பழகுங்கள். காப்பகத்தில் எடுத்த எங்கள் பெண் நாய் முதல் வாரம் முழுக்கக் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தாள், அப்புறம் ஒருநாள் தானாகவே வந்து என் காலில் தலை வைத்தாள்.

கேட்டவர்: சரி, சனிக்கிழமை மகளோடு காப்பகத்துக்குப் போகிறோம்.