பேப்பர்கட்டுக்குத் தமிழ்ல என்ன பேரு? கொய்தாளா, தாள்வெட்டா

எல்லாருக்கும் வணக்கம்,

ரொம்ப நாளா இங்க வர்ற மடலை எல்லாம் படிக்கிறதோட சரி, எழுதினதே இல்ல. இப்ப ஒரு அவசரம், அதான்.

நான் பேப்பர்கட் பண்றவ. ஒரே ஒரு தாள், ஒரு சின்னக் கத்தி, வேண்டாததை எல்லாம் நறுக்கி எடுத்துட்டா மிச்சம் நிக்கிறது படம். கல்யாண நாள், குழந்தை பிறந்தது, ரிட்டையர்மென்ட், வீட்ல ஒருத்தர் போய்ட்டா அவங்க நினைவுக்குன்னு, யாராச்சும் கேப்பாங்க, அவங்களுக்குன்னே வரைஞ்சு நறுக்கி ஃப்ரேம் போட்டுக் குடுப்பேன். ஃப்ரேமுக்குப் பின்னாடி ஒரு சீட்டு ஒட்டுறது வழக்கம், இது என்ன, யாருக்காக, யார் செய்யச் சொன்னது, என்ன தாள், என்ன தேதின்னு. இத்தனை நாளும் அது இங்கிலீஷ்லதான் இருந்துச்சு. இந்தத் தடவை கேட்டவரு அவரோட அப்பா அம்மாவுக்கு 50ஆவது கல்யாண நாளுக்குக் கேட்டிருக்காரு, அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும், சீட்டும் தமிழ்லயே இருக்கட்டும்னுட்டாரு. சரின்னு உக்காந்தா முதல் வரியிலயே நின்னுட்டேன். ‘காகித வெட்டுக் கலைப்படைப்பு’ன்னு எழுதிப் பாத்தேன், டெண்டர் நோட்டீஸ் மாதிரி இருக்கு.

ரெண்டாவது வரி இன்னும் மோசம். கமிஷன்ட் வொர்க்னு இங்கிலீஷ்ல போட்டா கௌரவமா இருக்கு, தமிழ்ல கமிஷன்னு எழுதுனா புரோக்கர் காசு வாங்கின மாதிரியோ, விசாரணை கமிஷன் வெச்ச மாதிரியோ இருக்கு.

யாராவது வழி சொல்லுங்க.

– தாளும் கத்தியுமா இருக்கறவ

*

அக்கா, கிரிகாமின்னே வெச்சுக்கிட்டா என்ன? ஒரிகாமின்னு சொன்னா இப்ப எல்லாருக்கும் புரியுதே, பக்கத்துலயே இதையும் ஒட்டிடலாம். இல்லன்னா சீனாக்காரங்க ஜியான்சின்னு சொல்றாங்க, 2009ல யுனெஸ்கோ பட்டியல்லயே சேத்திருக்காங்க, அந்தப் பேரு ரெடியா இருக்கு. நாம எதுக்கு புதுசா ஒண்ணு செஞ்சு கஷ்டப்படணும்.

– கோடு எழுதுறவன்

*

தம்பி, பேரு ரெடியா இருக்குதான், ஆனா ஒவ்வொண்ணும் வேற வேற சாமானோட பேரு. கிரிகாமியில தாளை மடிச்சு வெட்டுறது வரும், விரிச்சா எழும்பி நிக்கிற கார்டெல்லாம் அந்த வகை. நான் பண்றதுல மடிப்பே கிடையாது. ஜப்பான்லயே மடிக்காம கத்தியால நறுக்குற படத்துக்கு கிரி-என்னு தனியா வெச்சிருக்காங்க, ‘வெட்டின படம்’னு அர்த்தம். ஜியான்சியில கத்தரிக்கோல் உள்ளயே உக்காந்திருக்கு, ஜெர்மன்காரங்களோட ஷேரன்ஷ்னிட்லயும் அப்படித்தான், கத்தரி வெட்டுன்னு அர்த்தம். மெக்சிகோல பாபெல் பிகாடோன்னா குத்தித் துளைச்ச தாள், அவங்க அடுக்கடுக்கா தாளை வெச்சு உளியால அடிச்சு எடுக்குறாங்க, அதனால அந்தப் பேரு. பாருங்க, அவங்கவங்க கையில என்ன ஆயுதம் இருந்துச்சோ அதை வெச்சுப் பேரு வெச்சிருக்காங்க. என் கையில இருக்குறது 11ஆம் நம்பர் பிளேடு போட்ட சர்ஜரி கத்தி. ‘கத்தரி ஓவியம்’னு வெச்சா பொய். போதாததுக்கு கத்தரிக்கா படம்னு நெனைப்பாங்க.

சாஞ்சின்னு மதுராவுல ஒண்ணு இருக்கு, அதுவும் தாளை நறுக்குறதுதான், ஆனா அங்க அந்தத் தாள் அச்சு மாதிரி, அதை வெச்சு மேல கலர்ப்பொடி தூவி எடுத்தா தரையில விழுறதுதான் படம். எனக்குத் தாளேதான் படம்.

பேரு வைக்கிறதுல கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கணும்னு தோணுது. கறுப்புத் தாள்ல பக்கவாட்டு முகத்தை வெட்டி ஒட்டுறதுக்கு சில்ஹூட்னு பேரு வந்தது எப்படின்னு தெரியும்ல? 1759ல பிரான்ஸ்ல கொஞ்ச மாசம் நிதி மந்திரியா இருந்தவரோட பேரு அது, எத்தியேன் த சில்ஹூட். சிக்கனம் சிக்கனம்னு ஜனங்களை நெருக்கினதுல, மலிவா இருக்குற எதுக்கும் அவர் பேரை வெச்சுக் கிண்டல் பண்ணாங்க, அது இந்தப் படத்துக்கு ஒட்டிக்கிச்சு. காசில்லாதவன் படம்னு ஆரம்பிச்ச பேரு, இன்னிக்கு வரைக்கும் போகல.

*

அம்மா, வணக்கம்.

புதுசா ஒண்ணும் செய்ய வேண்டாம், தேடினா கிடைக்கும். வடமொழியில பத்ரச்சேத்யம்னு ஒண்ணு உண்டு, இலையை உருவமா நறுக்குற கலை. காமசூத்திரத்துல ஒரு எடம் வருது, பையன் தன் மனசுல இருக்குறதை அந்தப் பொண்ணுக்குத் தெரிவிக்கணும்னா இலையில ஜோடி உருவம் நறுக்கிக் காட்டலாம்னு. நீங்க இன்னிக்கு ஃப்ரேம் போட்டுக் குடுக்குறீங்களே, அதேதான். ஆனா பத்ரச்சேத்யம்னு எழுதுனா அந்தம்மா படிச்சுட்டு ஆயுர்வேத மருந்துன்னு நெனைப்பாங்க, அதை விட்டுருவோம். அதுல இருந்து கருத்தை மட்டும் எடுத்துக்கலாம்.

தமிழ்ல வெட்டுதல், நறுக்குதல், அரிதல், கொய்தல் எல்லாம் ஒண்ணு கிடையாது. விறகை வெட்டுறோம், ஓலையை நறுக்குறோம், கீரையை அரியுறோம், பூவைக் கொய்யுறோம். உங்க வேலை மென்மையான வேலை, கொய்தல்தான் பொருந்தும். ஆகவே என் பரிந்துரை: கொய்தாள். சுடுசோறு, ஊறுகாய் மாதிரி வினைத்தொகை. கொய்த தாள், கொய்கின்ற தாள், கொய்யும் தாள்.

நறுக்குன்னே வைக்கலாம்னும் ஒரு யோசனை இருந்துச்சு, ஓலை நறுக்குன்னு பழைய வழக்கு உண்டு. ஆனா செய்தித்தாள்ல இருந்து வெட்டி வைக்கிற துண்டுக்கு நறுக்குன்னு ஏற்கெனவே சொல்லியாச்சு. அதனால வேண்டாம்.

– பழைய வாத்தியார்

*

ஐயா, பேரு அழகா இருக்கு, வீட்ல சத்தம் போட்டு சொல்லிப் பாத்தேன். ‘இது என்ன?’ ‘கொய்தாள்.’ ‘யாரு கொய்தாள்? எதைக் கொய்தாள்?’

*

ஹாஹா அக்கா. ஆனா வெட்டுன்னு வெச்சாலும் பிரச்சினைதான். மின்வெட்டு, அரிவாள் வெட்டு, இதெல்லாம்தான் ஞாபகம் வருது. கல்யாண நாளுக்குக் குடுக்குற பரிசுல வெட்டுன்னு எழுதுனா அந்தப் பெரியவங்களுக்கு முகம் சுருங்காதா? வெட்டோவியம்னு சொன்னா கொஞ்சம் பரவால்லயா?

*

தம்பிக்கும் ஐயாவுக்கும் சேத்தே எழுதுறேன், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

வெட்டோவியம் நல்லா இருக்கு ஆனா என் மனசு ஒப்பல. ஓவியம்னா கை தாளைத் தொட்டு கோடு போட்டுக்கிட்டே போகும், தப்பா போட்டா மேல இன்னொண்ணு போடலாம். இங்க வரையுறது எல்லாம் தாளோட முதுகுல, அதுவும் கண்ணாடியில பாக்குற மாதிரி திருப்பி வரையணும், பென்சில் தடம் முன்னாடி தெரியக் கூடாதுன்னு. திருப்புறதை மறந்து ஒரு தடவை மூணு நாள் வேலை மொத்தமா போச்சு, குடும்ப மரம், 17 பேரு, அத்தனை பேரும் முன்பக்கம் இடவலமா மாறி நின்னாங்க. அப்புறம் வெட்ட ஆரம்பிச்சா கை அசையக் கூடாது, கத்தி ஒரே வாக்குல நிக்கும், தாளைத்தான் திருப்பித் திருப்பிக் குடுக்கணும். நடுவுல இருக்குற பொடிப்பொடி வேலையை முதல்ல முடிச்சுட்டு ஓரத்துக்கு வரணும், ஓரத்தை முதல்ல வெட்டிட்டா தாளுக்குத் தெம்பு போயிடும், நடுவுல கத்தி வெச்சாலே சுருண்டு கிழியும். பிரின்ட் எடுக்குற 80 கிராம் தாள் (ஒரு சதுர மீட்டர் தாளோட எடை அது) இதுக்கு ஆகாது, நான் 120ல இருந்து 160 வரைக்கும் வெச்சுக்குவேன், அதுக்கு மேல போனா விரல் வீங்கிடும். இதை ஓவியம்னு சொல்றது எனக்கு என்னவோ தச்சரைப் பாத்து பெயின்டர்னு கூப்பிட்ட மாதிரி இருக்கு.

வெட்டுன்னா முகம் சுருங்கும்னு தம்பி சொல்றீங்க. கல்வெட்டுன்னு சொல்றப்ப யாருக்காவது அரிவாள் ஞாபகம் வருதா? வராது. பேரு, ஊரு, வருஷம், யார் யாருக்கு என்ன குடுத்தாங்கன்னு அழியாம எழுதி வெச்சதுன்னுதான் தோணும். என்கிட்ட வர்ற ஆர்டர் எல்லாம் வேற என்ன? ரெண்டு பேரோட பேரு, ஒரு தேதி, ஒரு சந்தோஷம். தாள்வெட்டுன்னு வெச்சா கல்வெட்டு பக்கத்துலயே போய் உக்காந்துக்கும்.

*

அம்மா, வாதம் நல்லா இருக்கு, ரெண்டு தடை சொல்றேன்.

ஒண்ணு, தாள்னா பாதம்னும் அர்த்தம். ‘நற்றாள் தொழாஅர்’னு குறள்ல படிச்சவனுக்கு தாள்வெட்டுன்னா காலை வெட்டுறது.

ரெண்டாவதுதான் முக்கியம். கல்வெட்டுல வெட்டி எடுத்த பள்ளம்தான் எழுத்து, மிச்சக் கல்லு வெறும் கல்லு. உங்க வேலையில வெட்டி எடுத்தது குப்பைக்குப் போகுது, மிஞ்சினதுதான் எழுத்து. நேர் எதிர் ஆச்சே. எப்படி ஒரே அச்சுல பேரு வார்ப்பீங்க?

*

ஐயா, பாதம்ங்கிற தடையை நான் எடுத்துக்கல, விடைத்தாளைத் திருத்துறப்ப யாரும் காலைத் திருத்துறதா நெனைக்கிறதில்ல, நீங்களே எத்தனை ஆயிரம் திருத்தியிருப்பீங்க.

ரெண்டாவது தடை உண்மையாவே யோசிக்க வெச்சிருச்சு, ராத்திரி பூரா அதேதான். ஆனா பாருங்க, ரெண்டு விதமாவும் செய்றோம். எழுத்து நிக்க சுத்தியும் வெட்டுறது ஒரு வகை, எழுத்தையே வெட்டி எடுத்துட்டு பின்னாடி கலர்த்தாள் வெச்சு ஓட்டை வழியா எழுத்து தெரியுற மாதிரி பண்றது இன்னொரு வகை. ரெண்டாவது வகை அப்படியே உங்க கல்வெட்டுதான். நானே ஒரே படத்துல ரெண்டையும் கலந்துதான் வெட்டுறேன், மரம் நிக்கும், பேரு ஓட்டையா இருக்கும்.

இதுல தமிழ் எழுத்துக்குன்னே ஒரு தொல்லை இருக்கு, இங்க சொன்னா ரசிப்பீங்க. எழுத்து நிக்கிற வகையில புள்ளிதான் எமன். ‘அன்பு’ன்னு எழுதுனா ன் மேல இருக்குற புள்ளி எதோடயும் ஒட்டாம அந்தரத்துல நிக்கும், வெட்டினதும் பொத்துன்னு விழுந்துடும். அதைக் கீழ எழுத்தோடயோ பக்கத்துக் கொடியோடயோ ஒரு மெல்லிசு இணைப்பால கட்டி வைக்கணும். எழுத்தை வெட்டி எடுக்குற வகையில புள்ளி சும்மா ஒரு ஓட்டை, அது சுலபம், ஆனா ன, ண, வ, ம மாதிரி உள்ள சுழியோ கட்டமோ இருக்குற எழுத்துல அந்த வயிறு கழண்டு விழுந்துடும். ட, ப, ய தங்கமான எழுத்துங்க, எந்த வகையிலயும் மக்கர் பண்ணாது. வாழ்த்துகளா வாழ்த்துக்களான்னு இங்க எத்தனை மடல்ல சண்டை போட்டிருக்கீங்க, நான் ‘வாழ்த்துகள்’ கட்சி, இலக்கணத்துக்காக இல்ல, ஒரு புள்ளி மிச்சம்.

அப்படி கட்டி வைக்கிற அந்த மெல்லிசு இணைப்புக்கும், கழண்டு விழுற துண்டுக்கும் இங்கிலீஷ்ல பாலம், தீவுன்னு சொல்றாங்க. தமிழ்லயும் அதையே சொல்லணுமா?

*

அதுக்கு வேற சொல் இருக்குதும்மா. இலையும் பூவும் கொடியில எதால ஒட்டியிருக்கு? காம்பு. காம்பு அத்துப்போனா உதிரி. உதிரிப்பூன்னு சொல்றோமே. உங்க படத்துல பாதி இலையும் பூவும்தான், வெளியில இருந்து பாலமும் தீவும் கொண்டு வந்து போட வேண்டியதில்ல.

ஓலைச்சுவடியில புள்ளி வைக்காம விட்டதும் ஏறக்குறைய உங்க தொல்லைதான், எழுத்தாணியால அழுத்திப் புள்ளி வெச்சா ஓலை பொத்துக்கும்னு சொல்லுவாங்க. படிக்கிறவன் தானா வெச்சுப் படிச்சுக்குவான். உங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

தாள்வெட்டு மேல எனக்கு இன்னும் முழு சம்மதம் இல்ல. கொய்தாள்தான் மென்மையான சொல். ஆனா உங்க சீட்டு, உங்க கை.

கமிஷனுக்கு ஒண்ணு சொல்றேன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுல ராஜராஜன் ‘நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி’ன்னு சொல்றான், கற்றளின்னா கல்லுக் கோயில். எடுத்த இல்ல, எடுப்பிச்ச. கல்லு தூக்கினது வேற ஆளு, தூக்க வெச்சது இவன். தான் குடுத்தது, அக்கன் (அவன் அக்கா) குடுத்தது, மத்தவங்க குடுத்தது எல்லாத்தையும் கல்லுல வெட்டச் சொன்னதும் அங்கயே இருக்கு. ஒரு பரிசுப் பட்டியலை வெட்டுவிச்சவன் அவன். பிறவினை ஒண்ணு போட்டா போதும், தமிழுக்குக் கமிஷனே வேண்டாம். வெட்டுவித்தவர்.

*

ஐயா, வெட்டுவித்தவர்னு எழுதுனா அவரை ஜெயில்ல போட்டுடுவாங்க! செய்வித்தவர்னு வெச்சுக்கலாம்.

*

தம்பி சொன்னது சரி, செய்வித்தவர்தான். ஆண்டர்சன்கூட, அதாங்க, குழந்தைங்களுக்குக் கதை எழுதின டேனிஷ்காரர், கதை சொல்லிக்கிட்டே கத்தரியால தாளை வெட்டுவாராம், கதை முடியுறப்ப விரிச்சுக் காட்டி அங்க இருக்குற குழந்தைக்கே குடுத்துடுவாராம். யாரும் செய்விக்கல, தானாக் குடுத்தது. அது பரிசு. என்னது ஒருத்தர் செய்விச்சு இன்னொருத்தருக்குக் குடுக்குற பரிசு, நான் நடுவுல கத்தி. அந்த மூணு பேரையும் சீட்டுல தனித்தனியாப் போடணும்னு இப்பத்தான் தோணுது, இத்தனை நாளும் என் பேரை மட்டும் பெருசாப் போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்.

லேசர்ல வெட்டி ஓரம் பழுப்பாக் கருகி வர்றதும் இதே பேர்ல கடைக்கு வருது, அதுக்கும் வித்தியாசம் தெரியணும், அதனால கைன்னு முன்னாடி சேத்துட்டேன். சீட்டு இப்படி வந்திருக்கு:

கைத் தாள்வெட்டு. ஒரே தாள், 140 கிராம்.
செய்வித்தவர்: மகன்.
வெட்டியவர்: (என் பேரு, சின்ன எழுத்துல)
பெறுபவர்: அம்மா, அப்பா. 50ஆவது திருமண நாள்.

ஐயா, கொய்தாளை நான் தூக்கிப் போடல. இந்தப் படத்துல அந்தம்மா கையில ஒரு பூ இருக்கு, அந்தப் பூவுக்குக் கீழ பொடி எழுத்துல ‘கொய்தாள்’னு வெட்டியிருக்கேன். வினைமுற்றாவே. ள் மேல இருக்குற புள்ளிக்கு ஒரு காம்பு போட்டாச்சு, பூவோட காம்புலயே சேத்து.